வெள்ளை எழுத்து வெளியே

நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இந்தக் கடையின் காற்றடிக்கும் இயந்திரத்தின் மீது ஆணையாகச் சொல்கிறேன். வேறு எதன் மீதும் ஆணையிட்டு எனக்குப் பழக்கமில்லை. பொய் சொல்வதென்றால் நான் நின்றுகொண்டுதான் சொல்வேன் என்பது என் மனைவியின் கண்டுபிடிப்பு. பாருங்கள், உட்கார்ந்துவிட்டேன்.

நீங்களும் உட்காருங்கள். அந்தச் சாய்வு நாற்காலியில் வேண்டாம், அது உட்காருவதற்காக இல்லை. இப்படி இந்தப் பெஞ்சுக்கு வாருங்கள். பெஞ்சு என்றால் பெரிய பெஞ்சு ஒன்றுமில்லை, டயர்களை இரண்டிரண்டாக அடுக்கி மேலே ஒரு பலகை. இந்த மழைக்காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் உட்காருகிறார்கள். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், உங்கள் கால்சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். என் சகலையின் வண்டி மலைச்சாலையிலிருந்து பள்ளத்தில் விழுந்த அன்று அதில் என்ன டயர் இருந்தது? வண்டி இன்னும் சேற்றுக்குள் கிடக்கிறது, மழை விட்டால்தான் எடுக்க முடியும் என்கிறார்கள். அதனால் டயர் மாட்டியவனைக் கேட்க வந்திருக்கிறீர்கள். நியாயமான காரியம். ஆனால் ஒரு வரியில் பதில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் விளங்கும். தேநீர் சொல்லியிருக்கிறேன். அது வருவதற்குள் அவனை நான் எப்படிக் கொன்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டயரை உள்ளங்கையால் தட்டினால் அது எந்த ரோட்டில் ஓடியது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை ஒருவர் மனைவியோடு வந்தார். டயரின் மேல் கட்டம் கட்டமாகப் புடைத்திருக்கும் பட்டன்களுக்கு நடுவே சிக்கியிருந்த மணலைப் பார்த்து, "ஐயா கடற்கரைப் பக்கம் அடிக்கடி போவீங்க போல" என்றேன். அவருடைய அலுவலகம் மலையடிவாரத்தில். அதற்குப் பிறகு அந்த வண்டியை அந்த அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு நாள் இங்கே ஒரு லாரி டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் ஒருவருடைய மீசையைப் பாதியோடு எடுத்துவிட்டார். அடுத்த மாதம் இந்தத் தெருவில் பாதிப் பேர் அரை மீசையோடு திரிந்தார்கள், அதுதான் புது மோஸ்தர் என்று. சந்தேகமிருந்தால் அவரையே கேட்கலாம். அவர் காலமாகிவிட்டார், ஆனாலும் கேட்கலாம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், டயர் விஷயத்தில் நான் தவறுதலாக எதையும் செய்கிறவன் இல்லை.

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். இளையவளை வானொலியில் செய்தி வாசிப்பவன் கட்டினான். அவன் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்று மழை பெய்யும் என்று அவன் வாசித்து மழை பெய்யாமல் போனால், ஜனங்கள் அவனை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மழையைத்தான் திட்டுவார்கள். அப்படிப்பட்ட குரல். வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவான். "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டாலே, அடுத்து ஏதோ அறிவிப்பு வரப்போகிறது என்று எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். என் மனைவி உட்பட. நான் பேசும்போது அவள் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

மாமனார் வீடு மலைமேல். மண் சாலை. பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதை ஒட்டிப் பள்ளம். மழைக்காலத்தில் அந்தச் சாலை சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்தில் அதில் ஏறக்கூடியது என்னுடைய பழைய சரக்கு வண்டி ஒன்றுதான். சக்கரத்தில் சங்கிலி சுற்றிக்கொண்டு நான் ஏறுவேன். அரிசி, எண்ணெய், மருந்து எல்லாம் என் வண்டியில்தான் போகும். சகலையும் வருவான், பின்னால் மூட்டைகளோடு மூட்டையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு. அவன் தயங்கி நிற்கும்போது நான்தான் கூப்பிடுவேன். "ஏறு தம்பி, பின்னாடி இடம் இருக்கு."

மேலே போனதும் மாமியார் வாசலுக்கு வந்து, "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்பார். நான் உள்ளே போய் மாமனாரின் சாய்வு நாற்காலியில் உட்காருவேன். மாமனார் போன பிறகு அதில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். அகலமான கைகள், தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஒரு கையில் தேநீர் தம்ளர் வைத்த வட்டம் பதிந்திருக்கும். இப்போது நீங்கள் பார்க்கிறீர்களே, அதுதான்.

சகலைக்கு அப்போது என்ன பெயர் தெரியுமா? சின்ன மாப்பிள்ளை. நான் மாப்பிள்ளை, அவன் சின்ன மாப்பிள்ளை. உலகம் ஒழுங்காக இருந்தது.

பிறகு என் சரக்கு வண்டி செத்தது. அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். பெற்றவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினான். பழையதுதான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். செய்தி வாசிக்கிறவனுக்கு எதற்கு நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும்? அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. மனத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன், பல மாதங்களாக.

வண்டியை அவன் வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே. வாரம் தவறாமல் கழுவுவான். மேலே கழுவினால் சரி, ஊரில் எல்லாரும் செய்வதுதான். இவன் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அடிவயிற்றையும் தேய்த்துக் குளிப்பாட்டுவான். "பச்சைக் குழந்தைக்குக் கூட யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க" என்றேன். "நமக்குத் தெரியாத இடத்துலதானே அண்ணே அழுக்கு சேரும்" என்றான், அந்தக் குரலில். என் மனைவி அதை ஒரு வாரம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து.

அந்த வண்டியில் அவன் முதல்முறை மலை ஏறிய மழைக்காலத்தில் நானும் போனேன். மாமியார் வாசலுக்கு வந்தார். "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றார். நான் வழக்கம்போல, "வந்தாச்சு அத்தை" என்றேன். அவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அட, பெரிய மாப்பிள்ளையும் வந்திருக்காரே" என்றார்.

நீங்கள் படித்தவர், 'பெரிய' என்பது மரியாதை என்று நினைக்கலாம். இல்லை. கத்தரிக்காயை யாராவது வெறும் கத்தரிக்காய் என்றால் அது கத்தரிக்காய். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், அது வேறு ஏதோ ஒன்று. அன்றிலிருந்து அவன் மாப்பிள்ளை. நான் பெரிய மாப்பிள்ளை.

நாற்காலியில் அவன் உட்காரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஆணையிட்டிருக்கிறேன். "அது அண்ணனோட இடம் அத்தை" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை யாரும் பார்க்கவில்லை. ஒருவன் தரையில் உட்கார்ந்துகொண்டே அடுத்தவனைக் கீழே இறக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி டயருக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தானே வந்தீர்கள்.

வண்டி வாங்கின புதிதில் கடைக்கு வந்து, "அண்ணே, டயர் மாத்தணும். எனக்கு என்ன தெரியும், நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான்" என்றான். அகம்பாவத்தோடு வந்திருந்தால் நல்ல டயரே மாட்டி அனுப்பியிருப்பேன். பணிவோடு வந்தான். அதைப் பொறுத்துக்கொள்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

இந்த மாதிரி வண்டிகளுக்கு மூன்று வகை. தார் ரோட்டுக்கென்று ஒன்று, பட்டன் நெருக்கமாக, சத்தமில்லாமல் ஓடும். சேற்றுக்கென்று ஒன்று, பட்டன் ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி, இடைவெளி பெரிதாக, சேற்றை அள்ளி வெளியே வீசும். இரண்டுக்கும் நடுவில் ஆல் டெரெய்ன். பாதித் தார், பாதி மண் என்று ஓடுகிறவனுக்கு அதுதான் சரி. அவனுக்குத் தேவை ஆல் டெரெய்ன் என்பது எனக்குத் தெரியும். சேற்று டயரை மாட்டிவிட்டேன். அது தார் ரோட்டில் ஓடினால் வண்டுக் கூட்டம் துரத்துகிற மாதிரி இரையும். குரலால் பிழைத்தவன், இனி தன் குரலையே கேட்க முடியாமல் ஓட்டட்டும் என்று நினைத்தேன். சின்ன ஆசைதான். அவன் தெருவுக்குள் நுழையும்போது நாய்களெல்லாம் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தன. பக்கத்துத் தெரு நாய்கள் சுருதி சேராமல் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்தான். சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். "அண்ணே, நல்லது பண்ணீங்க" என்றான். "இந்தச் சத்தத்துல வண்டியில ரேடியோ கேக்கவே முடியல. அதனால நானும் அவளும் பேச ஆரம்பிச்சுட்டோம். கத்திக் கத்திப் பேசறோம். கல்யாணத்துக்கப்புறம் இப்பதான் அவ குரலை முழுசாக் கேக்கறேன்."

இதை அவன் மாமியாரிடமும் சொல்லியிருக்கிறான். "கொடுத்து வெச்சவ என் சின்னப் பொண்ணு" என்று மாமியார் என் மனைவியிடம் சொல்ல, என் மனைவி பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

போன கோடை முடியும் நேரம் மறுபடியும் வந்தான். மாமியார் கோடையில் கீழே இளைய மகள் வீட்டில் இருப்பார். மழை தொடங்கும் முன் மேலே போய்விட வேண்டும் அவருக்கு. தோட்டத்தை மழைக்கு முன்னால் பார்க்காவிட்டால் மழையே வராது என்பது அவர் எண்ணம்.

"அண்ணே, இந்தத் தடவை ஆல் டெரெய்ன் போட்டுக்கலாமா? அத்தையைக் கூட்டிட்டுப் போகணும். இந்தச் சத்தம் அவங்களுக்கு ஆகாது."

"அத்தை எங்க உக்காருவாங்க?" என்றேன்.

"முன்னாடி. வளைவெல்லாம் பாத்துக்கிட்டே வரணுமாம், சின்னப் பிள்ளை மாதிரி." சிரித்தான். "நீங்களும் வாங்களேன் அண்ணே. பின்னாடி இடம் இருக்கு."

அவன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்குக் கிண்டல் வராது, அதுதான் அவன் குறை. என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகின வாக்கியம், அப்படியே வாயில் வந்துவிட்டது. நான் இவ்வளவு நிதானமாக இதைச் சொல்ல முடிகிறதே, அன்றும் அவ்வளவு நிதானமாகத்தான் இருந்தேன். "இரு, நல்ல டயரா பாத்து எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன்.

என்னிடம் இரண்டு செட் இருந்தது, ஒவ்வொன்றிலும் நான்கு. ஒன்று புதிதாக வந்தது. இன்னொன்று பரணில் கிடந்தது. யாரோ ஒருவர் தருவிக்கச் சொல்லி, வாங்க வராமல் போனது. ஒரு நாள் கூட ஓடாத டயர். பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஆனால் டயருக்கும் மனுஷனைப் போலத்தான், சும்மா கிடந்தாலும் வயது ஏறும். ரப்பர் உள்ளுக்குள் இறுகும். புது டயரில் நகத்தை அழுத்தினால் தடம் பதியும், பழையதில் நகம்தான் மடங்கும். காய்ந்த ரோட்டில் அது சாதுவாக ஓடும். நனைந்த சாலையில், அதுவும் சரிவில், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடிக்காது. கண்ணாடியின் மேல் கண்ணாடி வழுக்குவதைப் போல.

டயரின் வயதை அதன் பக்கத்திலேயே பொறித்திருப்பார்கள். நான்கு எண்கள். எந்த வாரம், எந்த வருஷம் என்று. அந்த டயரில் அது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ஒரு பக்கம் பெரிய வெள்ளை எழுத்துகள், மறுபக்கம் வெறும் கறுப்பு. எண்கள் கறுப்புப் பக்கத்தில். அதனால் நான் அவனைக் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

"வெள்ளை எழுத்து வெளிய வரட்டுமா, கறுப்பு வரட்டுமா?"

யோசித்தான். "வெள்ளையே இருக்கட்டும் அண்ணே. அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியல. தூரத்துல வெள்ளை தெரிஞ்சா நம்ம வண்டின்னு கண்டுபிடிச்சுடுவாங்க."

அவனே தேர்ந்தெடுத்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

என் கடையில் டயர் கழற்றி மாட்டுகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் பஞ்சர். என் வயதுதான், என்னைவிடக் குறைவாகப் பேசுவான். அவன் டயரை உருட்டிக்கொண்டு வந்தவன் நின்றுவிட்டான்.

"முதலாளி, இது பரண்ல கெடந்ததாச்சே."

"கெடந்தா என்ன? டயர் என்ன தயிரா, புளிச்சுப் போறதுக்கு?"

"இல்ல, மலைக்குப் போற வண்டி..."

"நீ போய் தேத்தண்ணி சொல்லிட்டு வா."

அவன் போனான். மிச்சத்தை நானே மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் சரியாக முறுக்கினேன். காற்று அளவு பார்த்து அடித்தேன். வால்வு மூடிகளை மறக்காமல் போட்டேன். பிறகு மேலே பளபளப்பு பூசினேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் யாருக்கும் செய்ததில்லை. சகலை பக்கத்தில் நின்று வெள்ளை எழுத்துகளைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்கு அண்ணே" என்றான்.

மாமியாரும் அந்த வண்டியில்தானே போகப்போகிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. முகத்தில் தெரிகிறது. நான் யோசிக்காமல் இல்லை. கடைசி போல்ட்டை முறுக்கும்போது யோசித்தேன். வயதானவர், என் கையால் எத்தனையோ மழைக்காலம் அரிசி சாப்பிட்டவர். ஆனால் அவரும்தானே அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். முறுக்கி முடித்தேன்.

அவர்கள் போன அன்று நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன், தொலைபேசிக்குப் பக்கத்தில். என் மனைவி, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். நல்லாத்தான் இருந்தது. மணி அடித்தபோது முதலில் கையைக் கழுவிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. பிறகுதான் எடுத்தேன்.

மாமியார். "பெரிய மாப்பிள்ளை, வந்து சேந்துட்டோம். தொட்டில்ல போட்டு ஆட்டின மாதிரி இருந்துச்சு. டயரு நீங்க போட்டதாமே, மாப்பிள்ளை வழியெல்லாம் உங்க புராணம்தான்."

"நல்லது அத்தை" என்றேன்.

டயரைக் குறை சொல்ல முடியாது. மழை இன்னும் தொடங்கவில்லை, சாலை காய்ந்திருந்தது. மழை வரட்டும் என்று காத்திருந்தேன். என் வயதில் காத்திருப்பது ஒன்றும் கஷ்டமில்லை, வேறு வேலை அதிகம் கிடையாது. வானத்தைப் பார்ப்பேன், அவன் வண்டி போகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். இப்போது சத்தமே இல்லை. நாய்கள் கூட ஏமாந்துபோயின. இடையில் ஒரு நாள் கடைக்கு வந்தான். ஏதோ சின்ன வேலை. அது இங்கே முக்கியமில்லை.

பிறகு மழை வந்தது. எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்கே தெரியும். மலை அங்கங்கே சரியத் தொடங்கியது. மேலே சில குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. மீட்புக்காரர்களின் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் மலை ஏறக்கூடிய வண்டி அவனுடையது ஒன்றுதான்.

போனான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே போனான். ஒரு நடையில் குழந்தைகளைக் கொண்டுவந்தான். அடுத்த நடையில் ஒரு கர்ப்பிணியையும் அவள் ஆட்டையும். ஆடு முன் இருக்கையில் உட்கார்ந்து வந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தேன், பின் இருக்கைதான். அதற்கடுத்த நடையில் மாமியார். என் வீடுதான் அடிவாரத்தில் இருப்பதால் எல்லாரும் என் கூடத்தில்தான் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி இருக்கிற போர்வையை எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றான். அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில், என் கூரைக்குக் கீழே, என் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவனை.

மாமியார் நடுங்கிக்கொண்டே சொன்னார். "வீடு நிக்காது போல. போகட்டும். அவர் நாற்காலி ஒண்ணுதான் மனசுல நிக்குது. அதைப் பெரிய மாப்பிள்ளைக்குத்தான் கொடுக்கணும்னு அவர் கடைசில சொன்னார். கொடுக்காமலே வெச்சுட்டேன்."

எனக்கு அது அன்றுவரை தெரியாது.

"உயிர் தப்பிச்சதே பெருசும்மா, நாற்காலி என்ன நாற்காலி" என்றாள் என் மனைவி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் அது ஒரு பேச்சே இல்லை. ஒரு பெருமூச்சு விட்டு, "மாமா எனக்குன்னு நெனச்சது அது ஒண்ணுதான். அதுவும் மண்ணோட போகுது" என்றேன். அவ்வளவுதான். ஒரு கிழவன் முனகுவது. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வாசல் பக்கம் முகம் இருந்தது, அங்கேதான் வெளிச்சம் இருந்தது.

அவன் பிழிந்த சட்டையை மறுபடி போட்டுக்கொண்டான். "பத்து நிமிஷம் அண்ணே. எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் மனைவி, "வேண்டாங்க" என்றாள். என் மனைவி என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, வேண்டாம்னு" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷம் கழித்து, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மெதுவாப் போ தம்பி" என்றேன்.

நட்டநடு மதியம். போய் வெகுநேரமாகியும் வரவில்லை. வளைவில் மண் சரிந்து வண்டியோடு பள்ளத்துக்குள் போயிருந்தது. வண்டியின் மேல் கட்டியிருந்த நாற்காலி மட்டும் கயிறு அறுந்து சாலையோரத்தில் கிடந்தது. கிடந்தது என்பது தப்பு. நின்றது. நான்கு காலில், நிமிர்ந்து, ஒரு கீறல் இல்லாமல், யாருக்கோ போட்டு வைத்ததைப் போல. போய்ப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஒன்றை நானே நம்ப மாட்டேன், ஆனால் நாற்காலி இதோ இருக்கிறது. என் மனைவி இதை வீட்டுக்குள் விடவில்லை, அதனால் கடையில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஊரைப் பாருங்கள். முனையில் அவன் படம் போட்டு, ஆள் உயரத்துக்குப் பதாகை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தைகள் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன. வானொலியில் அவன் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் போடுகிறார்கள். பக்கத்துக் கடையில் கேட்கிறதே, அவன்தான். எந்த வருஷத்து வானிலையையோ வாசித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்துக் கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் குடை எடுத்துக்கொண்டு போகிறார். செத்த பிறகும் பேசுகிறான், உயிரோடு இருப்பவன் பேச்சை யாரும் கேட்பதில்லை. அவனாகவே போனான், நாலு பேருக்காகச் செத்தான், தங்கமான மனுஷன் என்கிறார்கள். அவனாகவே என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சாவில் என் கைவேலை இருக்கிறது. வாரக்கணக்கில் யோசித்துச் செய்தது. நனைந்த சரிவு, இறுகின ரப்பர், இதைக் கணக்குப் போட எந்தக் கல்லூரிக்கும் போக வேண்டியதில்லை. அவனை மலை கொல்லவில்லை. என் டயர் கொன்றது. உங்கள் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

மாமியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நேற்றுக் காலையில் உள்ளேயிருந்து, "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். வெறும் மாப்பிள்ளை. நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன், யாரைக் கூப்பிடுகிறார் என்று. என்னைத்தான். இனி முன்னால் எதையும் சேர்க்க அவசியமில்லை அல்லவா, ஒருவன்தானே மிச்சம். நாற்காலியிலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். என்னவோ சரியாக இல்லை. கை வைக்கும் இடம் உயரமாக இருக்கிறது. முன்பு அப்படி இல்லை.

தேநீர் வந்துவிட்டது. ஆறுவதற்குள் குடியுங்கள்.

என்ன, டயர்களைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டுமா? மழை விட்டுப் பள்ளத்திலிருந்து வண்டியை எடுக்கும்வரை காத்திருக்கப் போகிறீர்களா? வேண்டாம், அவ்வளவு தூரம் அலையாதீர்கள். காற்றடிக்கும் இயந்திரத்தின் மீது ஆணையிட்டுவிட்டேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இடையில் ஒரு நாள் கடைக்கு வந்தான் என்றேனே, அன்று இந்த நான்கு டயர்களையும் வண்டிப் பின்னாலிருந்து அவனே இறக்கி வைத்தான். "அடியில படுத்துக் கழுவும்போது உள்பக்கத்துல நம்பரைப் பாத்தேன் அண்ணே. பரண் இருட்டுல உங்க கண்ணுக்குத் தப்பியிருக்கும். வேற கடையில புதுசு மாட்டிக்கிட்டேன். அக்காகிட்ட சொல்லல, நீங்களும் சொல்லிக்க வேண்டாம்" என்றான்.

கொஞ்சம் எழுந்திருங்கள். நீங்கள் வந்ததிலிருந்து உட்கார்ந்திருப்பது அந்த நான்கின் மேல்தான்.